ஏற்கும் ஆலோசனை என்றால் என்ன? சேலத்திலிருந்து தேடுவோருக்கு ஓர் எளிய விளக்கம்

என் அண்ணன் பிள்ளைக்கு அப்போது 19 வயது. ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டக் கிராமத்தில் பிறந்து, பெண் பிள்ளையாக வளர்க்கப்பட்டு, கல்லூரிப் படிப்புக்காகச் சேலத்தில் என் வீட்டில் தங்கியிருந்த அவன், தான் ஆண் என்பதை முதலில் என்னிடம்தான் சொன்னான். வீட்டில் விஷயம் தெரிந்ததும் அண்ணன் அவனை ஓர் ஆலோசகரிடம் அழைத்துப் போனார். அங்கே கேட்கப்பட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளா இந்தப் பழக்கம்?" என்பது. ஓராண்டு கழித்து, வேறோர் ஊரிலுள்ள உளவியலாளர் ஒருவருடன் செல்பேசியில் பேசியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்களை நான் எப்படிக் கூப்பிடட்டும்?" என்பது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையே என்ன வேறுபாடு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டவர், நல்ல ஆலோசகரைத் தேடும் வேலையில் பாதியை முடித்துவிட்டார் என்று நான் நம்புகிறேன். அவனுடைய அனுமதியுடன்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிறந்தவுடன் உடலைப் பார்த்து ஆண் என்றோ பெண் என்றோ பிறர் குறிப்பது ஒன்று. தான் யார் என்று ஒருவர் தமக்குள் அறிந்திருப்பது மற்றொன்று. இரண்டாவதைத்தான் பாலின அடையாளம் என்கிறோம். பெரும்பாலானோருக்கு இவ்விரண்டும் ஒத்துப்போவதால் அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. ஒத்துப்போகாதவர்களைத் திருநர் என்றும், அவர்களுள் பெண்ணாகத் தம்மை உணர்பவரைத் திருநங்கை என்றும், ஆணாக உணர்பவரைத் திருநம்பி என்றும் தமிழில் இப்போது பரவலாகச் சொல்கிறோம். இவ்விரண்டிலும் அடங்காதவர்களும் உண்டு. இந்தப் பொருந்தாமையால் சிலருக்கு உடலைப் பற்றியும், பிறர் தம்மை அழைக்கும் விதத்தைப் பற்றியும் கடுமையான வேதனை ஏற்படுகிறது. அதைப் பாலின மன உளைச்சல் என்பர். எல்லாத் திருநருக்கும் இந்த உளைச்சல் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒருவரின் பாலின அடையாளத்தை மாற்ற முயலாமல், அதை ஏற்றுக்கொண்டு உதவுவதே ஏற்கும் ஆலோசனை. அடையாளமும் உளைச்சலும் வேறு வேறு என்பதுதான் அதன் அடித்தளம். மருத்துவ உலகம் இந்தப் பிரிவினைக்கு வந்து சேரப் பல காலம் ஆனது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டின் 2013-இல் வெளியான ஐந்தாம் பதிப்பில், 'பாலின அடையாளக் கோளாறு' என்ற பழைய பெயரைக் கைவிட்டு, உளைச்சலை மட்டும் குறிக்கும் பெயரை ஏற்றுக்கொண்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் 2019 மே மாதம் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 11-ஆம் பதிப்பு, பாலினப் பொருந்தாமையை மனநோய்கள் அத்தியாயத்திலிருந்தே வெளியே எடுத்து, பாலியல் நலம் தொடர்பான நிலைமைகளின் கீழ் வைத்தது. பட்டியலிலிருந்து அறவே நீக்காமல் இடம் மாற்றியதற்குக் காரணம், உடல்சார்ந்த மருத்துவ உதவி தேவைப்படுவோருக்கு அது கிடைக்கும் வழி அடைபட்டுவிடக் கூடாது என்பதே. ஆகவே, ஓர் ஆலோசகர் "இது ஒரு மனநோய், குணப்படுத்திவிடலாம்" என்று சொன்னால், அவர் தம் துறையின் இன்றைய அறிவுக்கு எதிராகப் பேசுகிறார்.

அப்படியானால் ஏற்கும் ஆலோசனை என்ன செய்கிறது? வந்தவர் தம்மைப் பற்றிச் சொல்வதை நம்பத்தகுந்த பேச்சாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்து தொடங்குகிறது. அவரை அலைக்கழிப்பது தூக்கமின்மையா, கல்லூரி விடுதியின் கேலியா, வீட்டில் பேசிக்கொண்டிருக்கும் கல்யாணமா, கண்ணாடியில் தெரியும் தம் உடலா என்று பிரித்துப் பார்த்து, அந்தந்த வேதனைக்கு உரிய உதவியைத் தேடுகிறது. யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது, சொன்னால் பாதுகாப்பாக இருக்குமா என்பதையெல்லாம் உடனிருந்து யோசிக்கிறது. "நான் யார்?" என்ற கேள்விக்கான விடையை மட்டும் வந்தவரின் கையிலேயே விட்டுவைக்கிறது.

இங்கே பெற்றோர் பலருக்கு உள்ள ஓர் அச்சத்தை நேராகப் பேச வேண்டும். "ஏற்கும் ஆலோசனை என்றால், பிள்ளை சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, மாத்திரைக்கும் அறுவை சிகிச்சைக்கும் அனுப்பிவைப்பதுதானே?" என்று என் அண்ணனே கேட்டார். அது தவறான எண்ணம். நல்ல ஆலோசகர் எந்தத் திசையிலும் தள்ளமாட்டார். தெளிவில்லாமல் வருபவருக்குத் தெளிவில்லாமலேயே பல மாதங்கள் இருக்கும் இடத்தைக் கொடுப்பதும் இந்த ஆலோசனைக்குள் அடங்கும். பெயரை மட்டும் மாற்றிப் பார்த்து அதிலேயே நிம்மதி அடைபவர் உண்டு. உடையோடு நின்றுவிடுபவர் உண்டு. தாம் எண்ணியது வேறு என்று பின்னர் உணர்பவரும் உண்டு. இவர்களில் யாரையும் தோற்றவராக ஆலோசகர் பார்ப்பதில்லை, ஏனெனில் குறிப்பிட்ட ஒரு முடிவை அவர் இலக்காக வைத்துக்கொள்வதில்லை.

இதற்கு நேர் எதிரானது மாற்றும் சிகிச்சை. ஒருவரின் பாலின அடையாளத்தையோ, யார்மீது ஈர்ப்பு வருகிறது என்ற பாலீர்ப்பையோ 'சரிசெய்ய' முயலும் எதுவும் இதில் சேரும். என் அண்ணன் பிள்ளைக்கு அந்த முதல் ஆலோசகர், முடி வளர்க்கவும், தினமும் சேலை கட்டவும், சீக்கிரம் மாப்பிள்ளை பார்க்கவும் 'பயிற்சி' எழுதிக் கொடுத்தார். ஊசி, மின்னதிர்ச்சி என்றெல்லாம் கொடூரமாக இருந்தால்தான் அது மாற்றும் சிகிச்சை என்பதில்லை. அன்பான குரலில் சொல்லப்பட்ட அந்தச் சேலைப் பயிற்சியும் அதுவேதான். நான்கு வாரங்களில் அவன் என்னிடம்கூடப் பேசுவதை நிறுத்திவிட்டான். மந்திரித்துக் கயிறு கட்டுவதும் அம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொள்வதும் பல தாய்மார்களுக்குத் தெரிந்த வழிகள். அவற்றின் பின்னே இருக்கும் பரிதவிப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் படித்துப் பட்டம் பெற்ற ஒருவர் அதே வேலையை மருத்துவத்தின் பெயரால் செய்வதை ஏற்கவே முடியாது.

சட்டமும் இதை ஏற்பதில்லை என்பது தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பலம். ஒருவரையொருவர் விரும்பி, வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று பிறப்பித்த உத்தரவு, பாலீர்ப்பையும் பாலின அடையாளத்தையும் மருத்துவ முறையில் மாற்றும் முயற்சிகளைத் தடை செய்தது. அப்படிச் செய்பவர்மீது, அவருடைய தொழில் உரிமத்தை ரத்து செய்வது உட்பட, நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. இந்த வழக்கைப் புரிந்துகொள்ளத் தமக்கே போதிய அறிவு இல்லை என்று கருதிய அந்த நீதிபதி, தாமே ஓர் உளவியலாளரிடம் சென்று அமர்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டு வந்துதான் தீர்ப்பை எழுதினார். தயங்கும் அப்பாக்களிடம் நான் இந்தச் செய்தியைத் தவறாமல் சொல்வதுண்டு. அதே வழக்கின் தொடர்ச்சியாக, 2022 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம், மாற்றும் சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று மாநில மருத்துவக் குழுமங்களுக்கு எழுதியது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமும், ஒரு சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, சமய வழக்கங்களுக்கு ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது.

யாரிடம் போவது என்ற கேள்விக்கு வருவோம். மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர், ஆலோசகர் என்ற மூன்று பெயர்களையும் நம் ஊரில் ஒன்றாகவே பயன்படுத்துகிறோம். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதித் தரக்கூடியவர். மருத்துவ உளவியலாளர் எம்.ஃபில். போன்ற பயிற்சி முடித்து, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர். பேச்சு வழியான சிகிச்சையும் உளவியல் மதிப்பீடும் அவருடைய பணி. ஆலோசகர் என்ற பெயரை மிகக் குறைந்த பயிற்சி பெற்றவர்களும் போட்டுக்கொள்கிறார்கள் என்பதால், அங்கே படிப்பையும் பயிற்சியையும் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். கேட்பதில் கூச்சப்பட எதுவுமில்லை. இருந்தாலும், பட்டம் ஒரு வாசல்தான். எங்களுக்கு உதவியவரும் எங்களைக் காயப்படுத்தியவரும் ஏறத்தாழ ஒரே படிப்பைப் படித்தவர்களாக இருந்தார்கள்.

பின்னாளில் ஹார்மோன் சிகிச்சை வேண்டும் என்று ஒருவர் முடிவெடுத்தால், வழக்கமாக மனநல மருத்துவரின் மதிப்பீட்டுக் கடிதமும், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் மேற்பார்வையும் தேவைப்படும். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவரின் குரல் தடித்துவிட்டால் மருந்தை நிறுத்தினாலும் அது பழையபடி திரும்பாது என்பதையும், குழந்தைப் பேற்றில் ஏற்படக்கூடிய விளைவுகளையும் ஏற்கும் மருத்துவர் மறைக்காமல் விளக்குவார். உடலில் பெண்மை வரும் என்று எண்ணி, மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரைகளை வாங்கித் தாமாக விழுங்குவதால் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. தோழிகள் சொன்ன அளவை நம்பி யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

சேலத்திலிருந்து தேடுபவருக்கு முதல் தடை, ஆள் இல்லாமை என்பதைவிட, அறிந்தவர் கண்ணில் படுவோமோ என்ற பயம்தான். நம் ஊர் பெரிய நகரமாக இருந்தாலும் பழக்கத்தில் சிறிய ஊர். அஸ்தம்பட்டியில் ஒரு மருத்துவமனைப் படியேறினால், அம்மாபேட்டையில் தறி ஓட்டும் மாமாவுக்கு மாலைக்குள் செய்தி போய்விடும் என்று பிள்ளைகள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளர் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது உடன் நிற்பவருக்குத் தெரிய வழியில்லை என்பதால், கூட்டமான அந்த இடமே சிலருக்குத் தனியார் மருத்துவமனையைவிட மறைவாக இருக்கிறது. செலவும் இல்லை. ஒரு மருத்துவரிடம் தூக்கமின்மை, பதற்றம் என்று தொடங்கி, அவர் பேசும் விதத்தைப் பார்த்த பிறகு மீதியைச் சொல்வதில் தவறில்லை. முதல் நாளே முழுக்கதையையும் சொல்லிவிட வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது.

வெளியே போகவே முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த இலவச மனநலச் சேவையில் தமிழில் பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்கள், ஏற்கும் ஆலோசகர் கிடைக்கும்வரை காத்திருக்காமல், அன்றே இந்த எண்ணை அழைக்க வேண்டும். அல்லது நம்பகமான ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்த இரவைக் கடப்பதுதான் அப்போதைக்கு முதல் வேலை.

திருநருக்கென்றே தனி மருத்துவப் பிரிவுகள் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் தொடங்கப்பட்டன. சேலத்திலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 340 கிலோமீட்டர். மாதந்தோறும் போய்வருவது பலருக்கு இயலாது. ஆகவே வாராந்திரப் பேச்சுக்கு உள்ளூரிலோ இணையத்திலோ ஒருவரையும், உடல்சார்ந்த சிகிச்சை தேவைப்படும்போது மட்டும் பெருநகரத்தையும் நாடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். இணையவழி ஆலோசகரைத் தேடுகையில், மும்பையின் மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் மனநலத் துறையினருக்காக நடத்தும், பால்புதுமையினரை (பாலினத்திலோ பாலீர்ப்பிலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டவர்களை) ஏற்கும் ஆலோசனைப் பயிற்சியை முடித்தவரா என்று கேட்கலாம். சென்னையின் சகோதரன், ஓரினம் போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாகப் பால்புதுமையினருக்காக இயங்குகின்றன. அவற்றின் வழியாகக் கிடைக்கும் பரிந்துரை, விளம்பரப் பலகையைவிட நம்பத்தகுந்தது, ஏனெனில் ஏற்கெனவே போய்வந்தவர்களின் அனுபவத்திலிருந்து அது வருகிறது.

இணையவழிப் பேச்சுக்கு ஓர் அறை வேண்டும். நம் வீடுகளில் அதுதான் கிடைப்பதில்லை. மலைக் கிராமத்தில் சிக்னல் வந்தால் தனிமை இருக்காது, தனிமை இருந்தால் சிக்னல் இருக்காது. எங்கள் பிள்ளை விடுமுறைக்கு ஊருக்குப் போன நாட்களில், இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பேருந்தில் சேலத்துக்கு இறங்கி வந்து, என் வீட்டு மாடி அறையில் ஒரு மணி நேரம் பேசிவிட்டு மறுபடி மலை ஏறுவான். உறவினரோ நண்பரோ ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் ஓர் அறையைக் கொடுத்துக் கதவைச் சாத்திக்கொடுத்தால், அதுவே பெரிய மருத்துவ உதவி. பேச முடியாத நாட்களில் எழுத்துவழி உரையாடலுக்கு ஆலோசகர் சம்மதிப்பாரா என்றும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

நேரம் குறிப்பதற்கு முன் தொலைபேசியில் சில கேள்விகள் கேட்பது பணத்தையும் மனத்தையும் காப்பாற்றும். "திருநர் யாருக்காவது இதற்கு முன் ஆலோசனை கொடுத்திருக்கிறீர்களா?" என்பது ஒன்று. "என் பிள்ளை இப்படிச் சொல்கிறது, மாற்ற முடியுமா?" என்று ஓர் உறவினர் வேண்டுமென்றே கேட்டுப் பார்ப்பது இன்னொன்று, "முயற்சி செய்யலாம்" என்ற பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். "இதற்கு முன் பார்த்ததில்லை, ஆனால் படித்துத் தெரிந்துகொள்கிறேன்" என்று ஒருவர் நேர்மையாகச் சொன்னால், எல்லாம் தெரியும் என்பவரைவிட அவரை நான் நம்புவேன். கட்டணத்தில் சலுகை உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். சிலர் மாணவர்களுக்குக் குறைத்துக்கொள்கிறார்கள்.

முதல் அமர்வில் கவனிக்க வேண்டியவற்றுள், பேச்சு மொழி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. தமிழில் தன்மையிலும் முன்னிலையிலும் வினைச்சொல்லுக்குப் பால் கிடையாது. 'வந்தேன்', 'வந்தீர்கள்' என்று மட்டும் பேசி, இருவர் ஒரு மணி நேரம் முழுவதும் யாரையும் ஆண் என்றோ பெண் என்றோ குறிக்காமல் உரையாட முடியும். படர்க்கையிலும் 'அவர்' என்ற மரியாதைச் சொல் இருக்கிறது. இவ்வளவு இடம் கொடுக்கும் மொழியில், ஆலோசகர் வலிந்து "ஏம்மா", "பாப்பா" என்று அழைத்துக்கொண்டே இருந்தால், அதுவும் ஒருமுறை மெதுவாகச் சொன்ன பிறகும் தொடர்ந்தால், அவர் கேட்டுக்கொள்ளவில்லை என்று பொருள். மறந்துபோய்ச் சொல்லிவிட்டு உடனே திருத்திக்கொள்வது வேறு. உறவுப்பெயரும் டா, டி விகுதிகளும் நம் வீடுகளில் பாலைச் சுமப்பதால், எந்தச் சொல் குத்துகிறது, எந்தச் சொல் ஆறுதலாக இருக்கிறது என்று ஆலோசகருடன் சேர்ந்து பார்ப்பதே சில அமர்வுகளுக்கு நல்ல வேலையாக அமையும். எங்கள் பிள்ளை அக்கா என்ற சொல்லைத்தான் முதலில் தாங்கமுடியாததாகக் குறிப்பிட்டான். அதுவரை தங்கை அவனை நாள் முழுவதும் அப்படித்தான் அழைத்துக்கொண்டிருந்தாள்.

உடலுறுப்புகளைப் பற்றியும் பாலுறவைப் பற்றியும், வந்த காரணத்துக்குத் தொடர்பில்லாமல், ஆவலால் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை, "இது எதற்காகத் தேவைப்படுகிறது?" என்று திருப்பிக் கேட்கலாம். ஒவ்வொரு துன்பத்துக்கும் பாலினத்தையே காரணமாகக் காட்டுவதும் ஒரு குறைதான். பரீட்சை பயத்துக்கு வந்தவரிடம் பரீட்சை பயத்தைப் பற்றிப் பேசத் தெரிய வேண்டும்.

பெற்றோர் அறையில் இருக்கலாமா என்பது எப்போதும் எழும் கேள்வி. 18 வயது நிறைந்தவர் தனியாகவே வரலாம்; அவர் சொல்வதை அவருடைய சம்மதமின்றிக் குடும்பத்தாரிடம் சொல்லக் கூடாது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் இந்த இரகசியத்தை உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளே விதிவிலக்கு. அந்த விதிவிலக்குகள் எவை என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. 18 வயதுக்குட்பட்டவரின் சிகிச்சைக்குப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டியிருப்பதால், பெற்றோரில் சற்று மென்மையானவர் யார் என்று பார்த்து அவரிடம் முதலில் பேசுவதே வழி. பிள்ளைகளுடன் சிறிது நேரம் தனியாகப் பேசும் ஆலோசகராக இருந்தால் இன்னும் நல்லது.

பெற்றோருக்கும் தனியே ஆலோசனை தேவை. என் அண்ணன் முதல் இரண்டு முறை கோபமாகவே பேசினார். மூன்றாம் முறை, தம் தோட்டத்து வேலையாட்கள் என்ன சொல்வார்களோ என்ற பயத்தைச் சொல்லி அழுதார். அந்த அழுகையைப் பிள்ளையின் முன்னால் அழாமல் வேறோர் இடத்தில் அழ முடிந்தது அவனுக்குப் பெரிய நிம்மதி. பிள்ளையைப் பார்க்கும் அதே ஆலோசகரே பெற்றோரையும் பார்த்தால் நம்பிக்கை குலையக்கூடும் என்பதால், முடிந்தால் இருவேறு நபர்கள் இருப்பது சிறந்தது.

மூன்று, நான்கு அமர்வுகள் போன பிறகும் அறையை விட்டு வெளியே வரும்போது அவமானம் மட்டுமே மிஞ்சினால், ஆலோசகரை மாற்றிக்கொள்ளலாம். அழ நேர்வது வேறு, அவமானப்படுவது வேறு. கனமான விஷயத்தைப் பேசியதால் வரும் களைப்பை வைத்து அவசரப்பட்டு விட்டுவிட வேண்டாம். மாற்றும்போது, தம் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டுப் பெறும் உரிமை அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அதைப் பெற்றால் அடுத்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லும் வேதனை குறையும். கையில் வாங்கியதும் ஒருமுறை வாசித்துப் பார்த்து, எந்தப் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது, அவன், அவள், அவர் என்பவற்றுள் எது போடப்பட்டிருக்கிறது என்று கவனித்து, தவறாக இருந்தால் திருத்தித் தரும்படி அங்கேயே கேளுங்கள். அடுத்த ஆலோசகர் உங்களைப் பார்ப்பதற்கு முன் படிக்கப்போவது அந்தத் தாளைத்தான்.